எலி திரும்புவதும் ஓடுவதும்

வரப்பில் இரை தேடும் எலி, பக்கத்தில் பூச்சி ஊர்ந்தால் அத்திசைக்குத் தலையைத் திருப்புகிறது. மேலிருந்து ஏதேனும் பாய்ந்து இறங்கினால் மறுகணம் வளைக்குள் மறைகிறது. ஒன்றுக்கொன்று மாறான இவ்விரு செய்கைகளுக்கும் முக்கிய ஸ்தானம், நடுமூளையின் மேற்புறத்தில் பக்கத்துக்கு ஒன்றாக அமைந்த இரு சிறு மேடுகளாகும்.

இம்மேடுகளில் கண் காணும் வெளி முழுவதும் கிராமப் புலப்படம் போல ஒழுங்காகப் பதிந்துள்ளது. ஆழ்ந்த அடுக்குகளில் காதும் மீசையும் தரும் செய்திகளும் வந்து சேர்கின்றன. ஆகாயத்தில் தோன்றுபவை நடுக்கோட்டை ஒட்டிய பகுதியிலும், தரையில் தோன்றுபவை வெளிப்பகுதியிலும் பதிகின்றன. மறுபக்கம் கடந்து இறங்கும் நரம்புகள் உடலைப் பொருளின் திசைக்குத் திருப்புகின்றன. கடவாமல் அதே பக்கம் இறங்குபவை விலகி ஓடச் செய்கின்றன. இங்கிலாந்தில் டீன், ரெட்கிரேவ், வெஸ்ட்பி என்போர் 1989-ல் இதனை விரிவாக எடுத்துரைத்தனர். எலிக்கு இரை பெரும்பாலும் தரையில், பகையோ வானத்தில் என்பதை எண்ணினால் இவ்வேற்பாட்டின் பொருத்தம் விளங்கும்.

2013-ல் அமெரிக்காவில் இல்மாஸ், மைஸ்டர் ஆகிய இருவர், சுண்டெலியின் தலைக்கு மேலிருந்த திரையில் கரிய வட்டமொன்றை விரைந்து பெரிதாகச் செய்தனர். அது ஓடி ஒளிந்தது, அல்லது அசைவற்று நின்றது. 2016-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், வெறுமனே மேலே கடந்து சென்ற சிறு புள்ளியைக் கண்ட சுண்டெலிகள் ஓடாமல் உறைந்து நின்றன. தொலைவில் பறக்கும் பருந்து வேறு, பாயும் பருந்து வேறு அன்றோ!

ஏரி நீர் மட்டம் உயர்ந்த பின்பே கலிங்கில் வழிவதுபோல, மேட்டிலிருந்து வரும் அபாயச் செய்தி ஓர் அளவைத் தாண்டினால்தான் அதனடியிலுள்ள சாம்பல் நிறப் பாகம் ஓட்டத்தை ஏவுகிறது என்பது 2018-ல் லண்டனில் அறியப்பட்டது. ஓடும் திசையை ஞாபகம் தீர்மானிக்கிறது. புகலிடத்தை வேறிடத்துக்கு மாற்றியபோதும் சுண்டெலிகள் பழைய இடத்துக்கே ஓடின. புகலிடமே இல்லாதபோது பெரும்பாலும் அசையாது நின்றுவிட்டன.

வைக்கோற் பொம்மைக்கு எலி அஞ்சாததன் காரணம் இதிலிருந்து ஊகிக்கத்தக்கது: நின்ற இடத்தில் நிற்கும் பொம்மை எலியின் கண்ணில் பாய்ந்து பெருகுவதில்லை. கூகை அமர வயலில் கோல் நடுவது நல்ல வழக்கமே. எனினும் வரப்பு பருத்து, அடிக்கடி வளைகளும் இருப்பின், ஓசையின்றி இறங்கும் கூகைக்கும் எலி தப்பிவிடும். ஆதலால் கோல் நடுமுன், வயல் தரிசாயிருக்கும் கோடையிலேயே வளைகளை வெட்டி மூடி, வரப்புகளைக் குறுக்கிச் செதுக்கிவிடுதல் வேண்டும்.