மடியில் ஒரு பிள்ளை, வயிற்றில் ஒரு பிள்ளை: பால் கொடுக்கலாமா?



நமது அறக்கட்டளைக்கு வரும் தாய்மார்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று. மடியில் இருக்கும் பிள்ளைக்கு ஒன்றேகால் வயது ஆகியிருக்கும். அதற்குள் அந்தத் தாய் மறுபடியும் உண்டாகியிருப்பார். வீட்டில் மாமி, "இனி அது கெட்ட பால், குடித்தால் பிள்ளை சவலை பாய்ந்துவிடும். இன்றே நிறுத்து" என்பார். பிள்ளையோ இரவெல்லாம் அழும். வேப்பிலையை அரைத்துத் தடவியும் பார்த்தாகிவிட்டது. பிள்ளை பாவமா, வயிற்றில் இருப்பது பாவமா என்று தாய்க்குத் தெரியவில்லை.

இதை மாமி வேண்டுமென்று சொல்வதில்லை. அவர் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். ஆனால் அவர் கண்டதற்குக் காரணம் வேறு. அதை விளக்கவே இந்தக் கட்டுரை.

சவலை என்பது எதனால்?

தாய் மீண்டும் கருவுற்றதும் மூத்த பிள்ளை மெலிந்து, வயிறு உப்பி, சோர்ந்து போவதையே நம் பெரியவர்கள் சவலை என்றார்கள். 1930களில் மேற்கு ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்டில் (இன்றைய கானா) பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவரும் இதே போன்ற பிள்ளைகளைப் பார்த்தார். அங்குள்ள மக்கள் அந்த நோயை 'குவாஷியோர்க்கர்' என்று அழைத்தனர். அடுத்த குழந்தை வந்ததால் இடம் இழந்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். தாய்ப்பாலை விட்டுவிட்டு வெறும் மக்காச்சோளக் கஞ்சியில் வளர்ந்த பிள்ளைகளுக்கே அது வந்ததை அவர் கவனித்து எழுதினார்.

ஆக, பிள்ளை பாலைக் குடித்ததால் மெலியவில்லை. பால் திடீரென நின்று, அதற்கு ஈடான சத்துணவு கிடைக்காததால்தான் மெலிந்தது. கர்ப்பிணியின் பால் விஷமாக மாறுவதில்லை. கர்ப்ப கால ஹார்மோன்கள் பாலில் சிறிதளவு கலந்தாலும் அதனால் பிள்ளைக்குத் தீங்கில்லை. அவசரப்பட்டுப் பாலை நிறுத்துவதே பல வீடுகளில் சவலைக்கு வழி செய்கிறது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

இந்த அச்சம் அரபு மக்களிடமும் இருந்தது. ஜுதாமா பின்த் வஹ்ப் (ரலி) அறிவிக்கும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. 'கீலா'வைத் தடை செய்ய எண்ணியிருந்ததாகவும், ரோமர்களும் பாரசீகர்களும் அவ்வாறு செய்தும் அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தீங்கு ஏற்படவில்லை என்பதைக் கவனித்ததாகவும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். கீலா என்பதற்கு, பாலூட்டும் மனைவியுடன் கணவர் கூடுவது என்று இமாம் மாலிக் (ரஹ்) போன்றோரும், கர்ப்பிணி பாலூட்டுவது என்று வேறு சிலரும் பொருள் கூறியுள்ளனர். பிறருடைய அனுபவத்தைப் பார்த்தபின் அது தடை செய்யப்படவில்லை என்பது நமக்குப் பெரிய ஆறுதல்.

அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் பால்குடியை முழுமையாக்க விரும்புவோருக்கு இரண்டு ஆண்டுகளைக் குறிப்பிடுகிறது. அதே வசனம் இன்னும் மூன்று செய்திகளையும் சொல்கிறது. பாலூட்டும் தாயின் உணவுக்கும் உடைக்கும் முறைப்படி பொறுப்பேற்க வேண்டியவர் தகப்பன். பிள்ளையைக் காரணமாக்கித் தாயைத் துன்பப்படுத்தக் கூடாது. இருவரும் கலந்து பேசி, மனமொத்துப் பால்குடியை முன்னதாகவே நிறுத்தினாலும் குற்றமில்லை. எனவே தொடர்வதும் நிறுத்துவதும் இரண்டுமே அனுமதிக்கப்பட்டவை. ஆனால் அந்த முடிவைத் தாயும் தகப்பனும் சேர்ந்து எடுக்க வேண்டும். தாய் மீது அதைத் திணிக்கக் கூடாது.

கரு கலைந்துவிடாதா?

பிள்ளை சப்பும்போது தாயின் உடலில் ஆக்ஸிடோசின் சுரக்கிறது. பாலை வெளியே தள்ளுவதும், பிரசவத்தில் கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்வதும் இதே ஹார்மோன்தான். அதனால்தான் இந்தப் பயம். ஆனால் கர்ப்பத்தின் பெரும் பகுதியில் கர்ப்பப்பை இந்த ஹார்மோனுக்கு எளிதில் இசைவதில்லை. பிரசவம் நெருங்கும்போதுதான் அந்தத் தன்மை கூடுகிறது. பாலூட்டும்போது வயிறு இலேசாக இறுகிப் பிறகு தளர்வது இயல்பு. ஆரோக்கியமான கர்ப்பம் உள்ள, நன்றாகச் சாப்பிடும் பெண் மூத்த பிள்ளைக்குப் பால் கொடுப்பதைப் பொதுவாக மருத்துவர்கள் தடுப்பதில்லை.

ஆனால் கீழ்க்கண்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடரக் கூடாது:

• முன்பு குறைமாதப் பிரசவம் ஆனவர்கள், அடிக்கடி கரு கலைந்தவர்கள்
• இந்தக் கர்ப்பத்தில் உதிரப்போக்கு உள்ளவர்கள்
• இரட்டைக் குழந்தை உள்ளவர்கள், கர்ப்பப்பை வாய் பலவீனத்துக்காகத் தையல் போட்டவர்கள்
• தாம்பத்தியம் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருப்பவர்கள்
• கடும் இரத்தசோகை உள்ளவர்கள், எடை கூடாமல் குறைந்துகொண்டே போகிறவர்கள்

பால் கொடுத்த பிறகும் வயிறு விட்டுவிட்டு இறுகிக்கொண்டே இருந்தாலோ, இரத்தம் பட்டாலோ, பனிக்குட நீர் கசிந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ வீட்டில் ஆலோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். பாலூட்டலை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வாகனம் இல்லையென்றால் 108ஐ அழையுங்கள்.

பாலில் வரும் மாற்றம்

பெரும்பாலோருக்கு நான்காம், ஐந்தாம் மாத வாக்கில் பால் வெகுவாகக் குறையும். பிறகு அது சீம்பாலாக மாறும், சுவையும் உப்பாகும். சில பிள்ளைகள் அப்போது தாமாகவே விட்டுவிடும், சில விடாது. சீம்பாலுக்கு மலமிளக்கும் தன்மை உண்டு என்பதால் மூத்த பிள்ளைக்கு மலம் சற்று இளகிப் போகலாம். மூத்தது குடித்தால் பிறக்கப்போகும் குழந்தைக்குச் சீம்பால் தீர்ந்துவிடும் என்பதும் சரியல்ல. பிரசவத்துக்குப் பின்னும் அது சுரக்கும்.

தாய்க்கு மார்க்காம்பு வலிக்கும், குமட்டல் கூடும், சில நேரம் பிள்ளை வாய் வைத்தாலே எரிச்சல் வரும். இவை ஹார்மோன் மாற்றத்தால் வருபவை. பிள்ளை மீது பாசம் குறைந்துவிட்டது என்று தாய் வருந்த வேண்டாம்.

பால் குறைவதால் பிள்ளையின் உணவே இங்கு முக்கியம். ஒரு வயது கடந்த பிள்ளைக்கு நாளுக்கு மூன்று நான்கு வேளை உணவும், இடையே ஒன்றிரண்டு முறை சிறுதீனியும் வேண்டும். கஞ்சியும் பிஸ்கட்டும் போதாது. பருப்பு சேர்த்துக் குழைத்த சோறு, முட்டை, முள் நீக்கிய மீன், ஈரல், கீரை, பழம் என்று கொடுங்கள். ஒரு வயதுக்குள் உள்ள பிள்ளை என்றால், பால் குறையும்போது என்ன கொடுப்பது என்பதைக் குழந்தை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். ஆறு மாதம் நிறையாமல் தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் பிள்ளை என்றால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

தாயின் தட்டில் என்ன இருக்கிறது?

கர்ப்பிணிக்கு நாளொன்றுக்குச் சுமார் 350 கலோரி கூடுதலாகத் தேவை. பாலும் கொடுத்தால் அதற்கு மேலும் வேண்டும். எல்லோரும் சாப்பிட்டபின் மிச்சத்தைச் சாப்பிடும் வழக்கம் இந்தக் காலத்தில் வேண்டாம். நான்காம் மாதத்திலிருந்து அரசு கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் விடாமல் சாப்பிட வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போடக் கூடாது. இரும்பு மாத்திரையைத் தேநீருடனும் சாப்பிட வேண்டாம்.

உண்டான உடனேயே கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். அங்கன்வாடியில் கர்ப்பிணிக்கும் பிள்ளைக்கும் சத்துமாவு உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில், தகுதியுள்ளவர்களுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு ரூ.18,000 மதிப்பிலான உதவி கிடைக்கிறது. இரண்டாவது பிள்ளை என்பதால் கிடைக்காது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

ரமலானில் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நோன்பைத் தள்ளிவைக்கச் சலுகை உண்டு. பின்னர் களா செய்ய வேண்டும். பிள்ளைக்காக மட்டும் அஞ்சி விட்டால் ஷாஃபிஈ மத்ஹபில் ஃபித்யாவும் சேரும், ஹனஃபி மத்ஹபில் களா மட்டுமே. உங்கள் நிலையைச் சொல்லி ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சலுகையை ஏற்பதில் வெட்கம் வேண்டாம்.

நிறுத்துவதென்றால்

நிறுத்த முடிவு செய்தால் படிப்படியாக நிறுத்துங்கள். பிள்ளை கேட்காதபோது நீங்களாகக் கொடுக்க வேண்டாம். ஒரு வேளைப் பாலை நிறுத்தி, சில நாள் சென்றபின் அடுத்த வேளையை நிறுத்துங்கள். பகல் பாலை முதலிலும் இரவுப் பாலைக் கடைசியிலும் விடலாம். இரவில் பிள்ளையைத் தூங்கவைக்கும் வேலையை அத்தா ஏற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பாலை மறக்கட்டும் என்று பிள்ளையை உம்மாவிடமிருந்து பிரித்து வேறு ஊருக்கு அனுப்ப வேண்டாம். பாலையும் தாயையும் ஒரே நாளில் இழப்பதைச் சின்னஞ்சிறு மனம் தாங்காது.

இரண்டு பேருக்கும் கொடுப்பதென்றால்

பிரசவத்துக்குப் பின் இருவருக்கும் கொடுக்கலாம். ஆனால் முதல் உரிமை பிறந்த குழந்தைக்கே. அது குடித்த பிறகே மூத்ததுக்குக் கொடுக்க வேண்டும், முதல் சில நாட்களில் இதில் கண்டிப்பு தேவை. பிறந்த குழந்தை நாளுக்கு 8 முதல் 12 முறை குடிக்கும். ஐந்து நாள் கழிந்தபின் தினமும் ஆறு முறையாவது சிறுநீர் கழித்தால் பால் போதுகிறது என்று அறியலாம். இரண்டு வாரத்தில் பிறந்தபோதிருந்த எடைக்கு வந்துவிட வேண்டும்.

இளம் தம்பதியருக்கு ஒரு சொல்

பால் கொடுக்கும்வரை உண்டாகாது என்ற நம்பிக்கையில் இருந்தவர்களே பெரும்பாலும் இந்த நிலைக்கு வருகிறார்கள். பிள்ளைக்கு ஆறு மாதம் நிறையாமல், தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு ஓரளவு பொருந்தும். மாதவிலக்கு வராமலேயே கருவுறுவதும் உண்டு. ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருவுக்கும் இடையே இரண்டு ஆண்டுகளாவது இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இடைவெளி பற்றி மருத்துவரிடமும் ஆலிமிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாமிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். மருமகள் பால் கொடுத்துக்கொண்டிருந்தால் "நிறுத்து" என்பதற்கு முன், "நீ சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். மூத்த பிள்ளைக்கு ஒரு கிண்ணம் பருப்புச் சோறு ஊட்டிவிடுங்கள். சவலையை விரட்டும் மருந்து அதுதான்.

மடியில் இருக்கும் பிள்ளையும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் அல்லாஹ் தந்த அமானிதங்கள். இருவரையும் நலமாக வளர்க்கும் பாக்கியத்தை அவன் நம் எல்லோருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.