டெஸ்டோஸ்டிரோன் குறைவும் இளைஞர்தம் தசைப் பேணலும்

திருப்பத்தூர் மாவட்டத்துச் சவ்வாது மலையில் விளையும் சாமையை முதன்மை உணவாகக் கொள்ளும் இளைஞர், பயிற்சியால் ஈட்டிய தசையை எவ்வாறு பேணுவது என்பது நாளமில்லாச் சுரப்பியியலும் உணவியலும் சந்திக்கும் வினாவாகும்.

1996இல் வெளிவந்த சலேந்தர் பாசின் குழுவினரின் 10 வார ஆய்வில், வாரந்தோறும் 600 மி.கி. டெஸ்டோஸ்டிரோன் ஊசியுடன் எடைப்பயிற்சியும் மேற்கொண்டோரின் கொழுப்பற்ற உடல் நிறை 6.1 கிலோ கூடியது. பயிற்சி மட்டும் செய்தோர்க்கு ஏறத்தாழ 2 கிலோ. இவ்வேறுபாடே இளைஞரை ஊசியின்பால் ஈர்க்கிறது. ஆயின் புறத்திலிருந்து வரும் இயக்குநீரை மூளை உணர்ந்ததும் பிட்யூட்டரியின் தூண்டல் ஒடுங்குகிறது; விரைகளின் சுரப்பும் விந்தணு ஆக்கமும் குன்றுகின்றன. ஊசியை நிறுத்தியபின் இயல்பு மீளப் பல மாதங்கள் ஆகலாம். ஈட்டிய தசை கரைவதும் அக்காலத்தில்தான். குறைவு இருப்பதாகத் தாமே கருதி ஊசியைத் தொடங்குபவர், உண்மையான குறைவை அதன் பின்னரே அடையக்கூடும். அறிகுறிகளோடு, வெவ்வேறு நாள்களின் காலைப்பொழுதில் இருமுறை எடுத்த குருதி அளவுகளும் தாழ்ந்திருந்தாலன்றிக் குறைவு என முடிவு செய்தல் பொருந்தாது.

தசையைப் பேணுதல் அதனை ஈட்டுவதினும் எளிது. பிக்கல் குழுவினரின் 2011ஆம் ஆண்டு ஆய்வில், 16 வாரப் பயிற்சிக்குப்பின் அதன் அளவை ஒன்பதில் ஒரு பங்காகக் குறைத்த 20–35 வயதினர்க்கு, 32 வாரங்கள் கழிந்தும் தசை குன்றவில்லை. பெருந்தடை உணவே. தசை வளர்ப்போர்க்கு உடல் எடையின் ஒரு கிலோவிற்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் புரதம் எனக் கொண்டால், 60 கிலோ எடையினர்க்கு 96 கிராம் வேண்டும். 100 கிராம் சாமையில் ஏறத்தாழ 10 கிராமே உண்டு. அதிலும் லைசின் குறைவு. கொள்ளு, துவரை, முட்டை ஆகியவை சேர்ந்தாலன்றி இவ்விடைவெளி நிரம்பாது.