ஓவர்கிளாக் சூடும் உத்தரவாதமும்

ஈப்போவில் பிற்பகல் வெப்பம் 33 பாகை செல்சியசைச் சர்வசாதாரணமாகத் தொடும். சுங்கை சிப்புட், சிம்மோர் பக்கத்துப் பழைய தோட்ட வீடுகளில், தகரக் கூரைக்குக் கீழே, அதைவிடவும் சூடு. அந்த அறையில் மேசைக் கணினியை ஓவர்கிளாக் செய்பவர், அதாவது பிராசசரை அதற்கென்று வகுத்த வேகத்துக்கு மேல் ஓட்டுபவர், ஒன்றைக் கணக்கில் வைக்க வேண்டும். விசிறியோ நீர்க்குளிர்விப்பானோ, எதுவும் பிராசசரை அறை வெப்பத்துக்குக் கீழே இறக்காது. 24 பாகை ஏர்கோன் அறையில் 80 காட்டும் பிராசசர், அதே வேலையை 33 பாகையில் செய்தால் 89ஐ ஒட்டி நிற்கும். குளிர்நாட்டு யூடியூப்காரரின் அமைப்பை அப்படியே போட்டால் இங்கே எடுபடாது.

வேகத்தைவிட மின்னழுத்தம்தான் பெரிய வில்லன். அதை 10 விழுக்காடு கூட்டினாலே, வேகம் மாறாமல் இருந்தாலும், மின்நுகர்வு ஏறக்குறைய 21 விழுக்காடு கூடும். ஆகவே 500 ரிங்கிட் குளிர்விப்பான் வாங்குமுன் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள், செலவே இல்லை. சாமி மேடைக்குப் பக்கத்தில் கணினி இருந்தால் சாம்பிராணிப் புகையும் தூசியும் வடிகட்டியை அடைக்கும், அதையும் துடையுங்கள். ஐஸ் வைத்துக் குளிர்விக்கும் விளையாட்டு மட்டும் வேண்டாம். நம் ஈரக்காற்றில், 24 பாகைக்குக் கீழே போன எதன்மேலும் தண்ணீர் கோத்துவிடும்.

இனி உத்தரவாதம். ஓவர்கிளாக் செய்ததால் வரும் சேதத்தை ஏற்க மாட்டோம் என்பது இன்டெல், ஏஎம்டி இரண்டின் நிபந்தனை. ஆனால் கெட்டுப்போன பிராசசரையெல்லாம் "நீங்க ஓவர்கிளாக் பண்ணிட்டீங்க" என்று தள்ளிவிட முடியாது. 2024இல் நடந்ததைப் பாருங்கள். இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினிப் பிராசசர்கள் பல, பயனர் எதையுமே தொடாமல் நிலைகுலைந்தன. மின் வரம்பைத் தாமே தளர்த்தி வைத்த மதர்போர்டுகள்மீது முதலில் பழி விழுந்தது. ஜூலையில் இன்டெல், பிராசசருக்குள் இயங்கும் தன் கட்டளைத் தொகுப்பான மைக்ரோகோடே அளவுக்கு மீறிய மின்னழுத்தம் கேட்டதாக ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்ட வகைகளுக்கு உத்தரவாதத்தை 2 ஆண்டு நீட்டித்தது. பெட்டியோடு வாங்கியவற்றுக்கு மொத்தம் 5 ஆண்டு. பெட்டியில்லாமல் 'டிரே' பிராசசர் வாங்கியவர்கள் கடைக்காரரிடம்தான் போக வேண்டும். மலிவு விலையின் மறுபக்கம் இது. பாதிக்கப்பட்ட வகைப் பிராசசர் வைத்திருப்பவர்கள் மதர்போர்டின் பயாஸைப் புதுப்பித்து, இன்டெலின் இயல்பு அமைப்புக்கு மாறுங்கள். ஏற்கெனவே பழுதானதை அது சரிசெய்யாது.

கடைக்காரர் கைவிரித்தால் மலேசியாவின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 இருக்கிறது. விற்ற பொருள் ஏற்கத்தக்க தரத்தோடு இருக்க வேண்டும் என்பது அதன் உத்தரவாதம். விற்றதைத் திரும்பப் பெறமாட்டோம் என்று கடையில் அட்டை தொங்கவிட்டாலும் அந்த உத்தரவாதம் அழியாது. நியாயமான பயன்பாட்டை மீறியதால் கெட்டது என்றால் மட்டும் உங்கள் வாதம் பலமிழக்கும். கடையே வேகத்தைக் கூட்டிக் கணினியை விற்றிருந்தால், அதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

வழக்கறிஞர் வேண்டியதில்லை. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மூன்று ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும், ஈப்போவிலும் செய்யலாம். ரசீது, பிராசசரின் தொடர் எண், பயாஸ் அமைப்பின் படம், கடையோடு பேசிய வாட்ஸ்அப் செய்தி இவற்றை இன்றே ஓரிடத்தில் சேர்த்து வையுங்கள்.