கூட்டிலிருந்து விழுந்த கூகைக் குஞ்சு

வயல் எலிகளை உண்டு பயிரைக் காக்கும் பறவைகளில் கூகை முதன்மையானது. வளர்ந்த கூகை ஒன்று நாளொன்றுக்கு 2, 3 சிற்றெலிகளை உண்ணும்; குஞ்சுகள் உள்ள காலத்தில் வேட்டை பன்மடங்காகும். இதனை அபசகுனம் எனக் கல்லெறிந்து விரட்டுவோர் எலிக்குத்தான் துணை போகின்றனர்.

கூகை நகரத்திலும் வாழ்கிறது. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு போன்ற சென்னைப் பகுதிகளின் பழைய கட்டடங்களும் முதிர்ந்த மரப்பொந்துகளும் அதற்கு ஏற்ற இடங்கள். கட்டடம் இடிக்கப்படும்போதும், 2016 டிசம்பர் 12-இல் வீசிய வர்தா போன்ற புயலில் மரம் சாயும்போதும் குஞ்சுகள் தரைக்கு வந்துவிடுகின்றன. கிராமத்துப் பம்புசெட்டு அறைப் பரணிலும் இதே கதைதான்.

கூடு இருக்குமாயின் குஞ்சை அதிலேயே வைத்துவிடுதல் சாலச் சிறந்தது. மனிதர் தொட்ட குஞ்சைத் தாய் ஒதுக்கிவிடும் என்பது தவறான நம்பிக்கை. கூகை இரவில் இரை தேடுவது. ஆகவே இரவில் தொலைவிலிருந்து கவனித்த பின்னரே குஞ்சு அநாதை என முடிவு செய்ய வேண்டும்.

அவ்வாறாயின் முதலில் வேண்டுவது உணவன்று, வெப்பம். அட்டைப் பெட்டியில் பழந்துணி விரித்து, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியை ஒருபுறம் வைக்கவும். குளிர்ந்த உடலில் இரை செரிக்காது.

பால், ரொட்டி, சோறு அறவே கூடாது. அலகைத் திறந்து நீர் ஊற்றுவதும் ஆபத்து. நாக்கின் அடிப்பகுதியிலேயே மூச்சுக்குழலின் வாய் உள்ளதால் நீர் நுரையீரலில் இறங்கிவிடும். இரையிலுள்ள ஈரமே போதுமானது.

வெறும் கறித்துண்டு மட்டும் கொடுத்து வந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து கால் எலும்பு வளையும். எனவே எலியை எலும்புடன் சிறு துண்டுகளாக்கி, முனை மழுங்கிய கிடுக்கியால் அலகின் ஓரத்தைத் தொட்டால் குஞ்சு தானே கவ்வும். செரிக்காத உரோமத்தையும் எலும்பையும் பின்னர் உருண்டையாகக் கக்கும். நோயென அஞ்ச வேண்டாம்.

எலி, பொறியிலோ தஞ்சாவூர் கிட்டியிலோ பிடிபட்டதாக இருத்தல் வேண்டும். புரோமடையலோன் தின்ற எலி உடனே இறப்பதில்லை. சில நாட்கள் நடமாடும். ஆதலால் நஞ்சு வைத்த வயலில் பொறியில் சிக்கிய எலியும் ஐயத்திற்குரியதே. அதன் உடலிலுள்ள நஞ்சு குஞ்சையும் கொல்லக்கூடும்.

இவையெல்லாம் ஓரிரு நாட்களுக்கே. மனிதர் கையில் வளர்ந்த கூகை வேட்டை பழகாது; மேலும், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வளர்ப்பது குற்றமாகும். அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்தில் குஞ்சை ஒப்படைக்கவும். அப்போது அது கிடைத்த இடத்தையும், கொடுத்த இரையையும் ஒரு தாளில் குறித்துக் கொடுப்பது நலம்.