அணுக்களுக்கும் ஒரு வரப்பு உண்டு, தெரியுமா?

வயல் வரப்பில் எதிரெதிரே வரும் இருவரில் ஒருவர் சேற்றில் இறங்கினால்தான் மற்றவர் போக முடியும். இறங்கவே இடமில்லாத வரப்பு ஒன்றை அணுக்களுக்காகப் போட்டிருக்கிறார்கள், தெரியுமா? அந்த வரப்பு வெறும் லேசர் ஒளி! ருபீடியம் அணுக்களைத் தனிச்சுழி வெப்பநிலைக்கு வெகு அருகே, ஒரு கெல்வினில் கோடியில் ஒரு பங்கு அளவுக்குக் குளிர்வித்துக் கதிர்களுக்கு நடுவே அடைத்தால், ஒற்றை வரிசையில் நிற்கும். முந்தவும் முடியாது, விலகவும் முடியாது.

இவை போஸான்கள். நம் சத்யேந்திரநாத் போஸின் பெயரைத் தாங்கியவை. ஒரே நிலையில் எத்தனை வேண்டுமானாலும் கூடிக்கொள்வது இவற்றின் குணம். ஆனால் ஒற்றை வரிசையில் ஒன்றையொன்று கடுமையாகத் தள்ளும்போது, ஆளுக்கோர் இடம் பிடிக்கும் ஃபெர்மியான்களைப் போல நடக்கும் என்று மார்வின் ஜிரார்டோ 1960-லேயே கணக்குப் போட்டுச் சொன்னார். 2004-ல் ஜெர்மனியிலும் அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலும் சோதனையில் காட்டிவிட்டார்கள்!

சரி, இவற்றைக் கணினியில் போட்டால்? அணுவுக்கு இரண்டே நிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் 50 அணுக்களின் நிலையை முழுதாக எழுத 11 கோடி கோடிக்கும் அதிகமான எண்கள் வேண்டும்! இன்னும் ஒரே ஓர் அணு வந்தால் அத்தனையும் இரட்டிப்பு. 300 அணுக்கள் என்றால், காணக்கூடிய பிரபஞ்சத்தில் உள்ள அணுக்களைவிட எண்கள் மிகுந்துவிடும்.

இந்த மலையைப் பெயர்த்தவர் ஸ்டீவன் வைட். 1992-ல் அவர் தந்த டி.எம்.ஆர்.ஜி. முறை, வரிசையை நடுவே வெட்டிப் பார்க்கிறது. இரு பாதிகளின் நிலைகளும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும் குவாண்டம் பின்னலில் கனமான இழைகளை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிடுகிறது. ஒற்றை வரிசையை எங்கே வெட்டினாலும் அறுபடுவது ஒரே இடம்தானே! அதனால், மிகக் குறைந்த ஆற்றல் நிலையில், வரிசை நீண்டாலும் பின்னல் பெரிதாக வளர்வதில்லை. நூற்றுக்கணக்கான இடங்கள் கொண்ட வரிசையையும் சாதாரணக் கணினி சமாளிக்கும். அணுக்களைத் தளமாகப் பரப்பினாலோ வெட்டுக்கோடே நீண்டுவிடும், கணக்கு திணறிப்போகும். என்னைக் கேட்டால், வரப்பின் குறுகலே இங்கே பெரிய வரம்.

ஆனால் அணுக்களை ஓடவிட்டால்? 2012-ல் மியூனிக்கில் ஓர் இடம் விட்டு ஓர் இடமாக அணுக்களை நிறுத்தி, சட்டென்று அவிழ்த்துவிட்டார்கள். கணினியும் உடன் ஓடியது. கணக்கும் சோதனையும் அச்சாகப் பொருந்தின! நேரம் ஆக ஆகப் பின்னல் ஏறியது. ஒரு கட்டத்தில் கணினியால் தொடர முடியவில்லை. அணுக்கள் நிற்கவில்லை. அதற்குப் பிறகான விடையை அந்த அணுக்களையே அளந்து எடுத்துக்கொண்டார்கள்.