பேசாத டீமுக்கு எவ்வளவு செலவு? ஒரு விளையாட்டு சொல்லும் கணக்கு

ஆபீஸ்ல டீம் கேம்னு கூப்பிட்டா, "வேலை தலைக்கு மேல கிடக்கு, இப்போ விளையாட்டா?"னு தோணும். ஆனா 'பீர் கேம்' ஒரு தடவை ஆடிப் பாருங்க. பேசாம இருந்தா எவ்வளவு பணம் போகும்னு புரிஞ்சிடும்.

1960களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உருவான விளையாட்டு இது. கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை என நாலு பேர். ஒருத்தரோட ஒருத்தர் பேசக் கூடாது. ஆர்டர் சீட்டு மட்டும்தான் கைமாறும். சரக்கு வர சில வாரம் ஆகும். தேங்கும் பெட்டிக்கு வாரம் அரை டாலர் செலவு. கொடுக்க முடியாம நிலுவையில் நின்னா ஒரு டாலர்.

வாடிக்கையாளர் வாரம் 4 பெட்டி வாங்குவார். அது ஒருமுறை 8 ஆகும். பிறகு கடைசி வரை 8 தான். அவ்வளவுதான் மாற்றம்! ஆனா சரக்கு வரலையேங்கிற பயத்தில் ஒவ்வொருத்தரும் கூட்டிக் கூட்டி ஆர்டர் போடுவாங்க. தொழிற்சாலைக்குப் போறப்போ அது பல மடங்கு ஊதியிருக்கும். பிறகு கிடங்கு நிரம்பி வழியும். இதுதான் 'புல்விப் எஃபெக்ட்'.

தப்பு யார் மேல? அவங்கவங்க கணக்கை அவங்கவங்க சரியாத்தான் பார்த்தாங்க. கடைக்கு வந்த நிஜத் தேவைதான் மத்த மூணு பேருக்கும் தெரியல.

உங்க டீம்லயும் "எதுக்கும் இருக்கட்டும்"னு ஆளாளுக்கு ரெண்டு நாள் சேர்த்துச் சொல்றீங்களா? அந்தச் செலவு உங்க போனஸ்லயே கை வைக்கலாம்.

முதல் சுற்றைப் பேசாம ஆடுங்க. ரெண்டாவது சுற்றில் வாடிக்கையாளர் ஆர்டரைப் போர்டில் எல்லாருக்கும் தெரியுற மாதிரி எழுதுங்க. ரெண்டு செலவையும் கூட்டி ஒப்பிட்டுப் பாருங்க. அடுத்த மீட்டிங்ல முதல் கேள்வியா இதைக் கேளுங்க: "கஸ்டமர் நிஜமா என்ன கேட்டார்?"