ஒரு கதையும் பல முடிவுகளும்

நுழையும்முன்

பாட்டி சொன்ன கதையும் நூலில் படித்த கதையும் பெரும்பாலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஊருக்கு ஊர், சொல்பவருக்குச் சொல்பவர் கதை மாறுகிறது. இம்மாற்றத்தைப் பிழையெனக் கருதுவோரும் உளர். ஒரு கதை எங்கே மாறியது, யாருக்காக மாறியது என வினவிப் படிக்கும்போது அக்கதையின் பொருள் விரிகிறது. அவ்வாறு படிக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

வாய்மொழிக் கதையின் இயல்பு

எழுதப்பட்ட புதினத்திற்கு ஆசிரியர் உண்டு. அச்சிட்ட வடிவமும் உண்டு. வாய்மொழிக் கதைக்கு இவ்விரண்டும் இல்லை. கதையைச் சொல்பவர், கேட்போரின் வயதும் சூழலும் அறிந்து ஒன்றைச் சேர்ப்பார், மற்றொன்றை விடுப்பார். கதையைத் தொகுத்து அச்சேற்றியோரும் இதற்கு விலக்கல்லர். செருமானிய நாட்டுக் கிரிம் உடன்பிறப்புகள் தம் கதைத்தொகுப்பின் முதல் தொகுதியை 1812இல் வெளியிட்டனர். அதில் வெண்பனி இளவரசியைக் கொல்லத் துணிந்தவள் அவளைப் பெற்ற தாயே. பின்வந்த பதிப்புகளில் அவள் மாற்றாந்தாய் ஆனாள். பெற்ற தாயின் பெருமை குறையலாகாது என்னும் எண்ணம் கதையின் உறவுமுறையையே மாற்றிவிட்டது. ஒரு சொல் மாறியதும், பழி வேறொருத்தியின்மேல் விழுந்தது.

போருந்தாவின் கதைஞர்

இராசசுத்தான் மாநிலத்தின் சோத்பூர் மாவட்டத்தில் உள்ள சிற்றூர் போருந்தா. அவ்வூரைச் சேர்ந்த விசய்தான் தேத்தா (1926–2013) தம் மக்களிடையே வழங்கிய கதைகளைக் கேட்டு, அவற்றை இராசசுத்தானி மொழியில் தம் நடையில் எழுதினார். 1960இல் நாட்டுப்புறவியலாளர் கோமல் கோத்தாரியுடன் இணைந்து ‘ரூபாயன் சன்ஸ்தான்’ என்னும் அமைப்பை அங்கு நிறுவினார். அவருடைய கதைகள் ‘பாதாங் ரீ புல்வாரி’ என்னும் பெயரில் 14 தொகுதிகளாக வெளிவந்தன. இந்நூல்வரிசையின் ஒரு தொகுதிக்காக அவருக்கு 1974இல் சாகித்திய அகாதெமி விருது வழங்கப்பட்டது. கரிசல் நிலத்து மக்களின் கதைகளைத் தேடித் தொகுத்த கி. ராஜநாராயணனின் பணியோடு ஒப்பிட்டு எண்ணத்தக்க பணி இது.

தேத்தாவின் புகழ்பெற்ற கதைகளுள் ஒன்று ‘துவிதா’. ‘இருதலைக் கொள்ளி நிலை’ என இத்தலைப்பைத் தமிழில் கூறலாம். வணிகன் ஒருவனின் மகன் திருமணம் முடித்து மனைவியுடன் ஊர் திரும்புகிறான். வழியில் ஒரு மரத்தடியில் தங்கும்போது, அம்மரத்தில் வாழும் பேய் மணப்பெண்ணின் அழகில் மயங்குகிறது. கணவனோ திருமணச் செலவுக் கணக்கில் மூழ்கியிருக்கிறான். வீடு சேர்ந்ததும் அவளைத் தனியே விட்டு ஐந்தாண்டுக்கால வணிகத்திற்குப் புறப்படுகிறான். பேய் அவன் உருவில் வீட்டிற்குள் நுழைகிறது. எனினும், அது அவளை ஏமாற்ற விரும்பவில்லை. தான் யாரென்னும் உண்மையை அவளிடம் சொல்லிவிடுகிறது. அறிந்தே அவள் அதனை ஏற்கிறாள். பின்னர் உண்மைக் கணவன் திரும்பி வருகிறான். வழக்கு எழுகிறது. ஆடு மேய்ப்பவர் ஒருவர் சூழ்ச்சியாகப் பேயை நீர் கொண்டுசெல்லும் தோற்பைக்குள் புகச்செய்து அடைத்துவிடுகிறார்.

தீர்ப்பும் விருப்பமும்

பேயைச் சிறு கலத்துள் அடைக்கும் கதை உலகின் பல மொழிகளில் உண்டு. அரபுக் கதையில் மீனவன் பூதத்தைக் குடத்துள் மீண்டும் புகச்செய்து மூடுகிறான். இத்தகைய கதைகளில் கேட்போர் வியப்பது சூழ்ச்சி செய்தவரின் மதிநுட்பத்தையே. மரியாதை இராமன் கதைகளைக் கேட்டு வளர்ந்தோர்க்கு இவ்வியப்பு புதிதன்று. வழக்குத் தீர்ந்தது, கதை முடிந்தது என மனம் அமைதி கொள்ளும்.

தேத்தாவின் கதையில் அவ்வமைதி கிட்டுவதில்லை. இருவருள் யார் உண்மையான கணவன் என்பதே ஊராரின் வினா. அவளுடைய விருப்பம் யாது என எவரும் எண்ணுவதில்லை. பொய்யுருவில் வந்தது அவளிடம் மெய் பேசியது. மெய்யான கணவனோ அவள் மனத்தை அறிய முயலவே இல்லை. தீர்ப்பு சரியானது, ஆனால், அத்தீர்ப்பால் அவள் தன் வாழ்வை இழக்கிறாள். ஆயரின் திறமையில் நின்றிருக்கக்கூடிய கதையைப் பெண்ணின் மௌனத்தை நோக்கி ஆசிரியர் திருப்பியிருக்கிறார்.

இக்கதையை மணி கவுல் 1973இல் திரைப்படமாக்கினார். 2005இல் அமோல் பாலேகர் இயக்கிய ‘பஹேலி’ இதன் முடிவை மாற்றியது. அதில் பேய் தோற்பையிலிருந்து தப்பிக் கணவனின் உடலில் புகுந்து அவளுடன் வாழ்கிறது. பார்ப்போர் மனம் விரும்பும் முடிவு இது. ஆயினும், முந்தைய முடிவு எழுப்பிய வினாவின் கூர்மை இங்குக் குறைகிறது.

நாகம் எடுத்த உருவம்

கணவன் உருவில் வேறொருவர் வரும் கதைக்கூறு கன்னட நாட்டிலும் உண்டு. ஏ.கே. இராமானுசனிடம் கேட்ட இரு வாய்மொழிக் கதைகளைக் கொண்டு கிரீஷ் கர்னாட் ‘நாகமண்டலா’ என்னும் நாடகத்தைப் படைத்தார். இராணி என்னும் பெண்ணைக் கணவன் அப்பண்ணா வீட்டில் பூட்டி வைக்கிறான். இரவில் நாகம் அவனுருவில் வந்து அன்பு காட்டுகிறது. அவள் கருவுற்றதும், அவளுடைய கற்பின்மீது ஐயம் எழுகிறது, ஊர்மன்றம் கூடுகிறது. கணவனையும் இந்த நாகத்தையும் தவிர வேறெவரையும் தொட்டதில்லை எனப் பாம்பைப் பற்றி அவள் சூளுரைக்கிறாள். அச்சொல் முழுவதும் உண்மை. நாகம் அவள் தலைமேல் படம் விரிக்க, ஊரார் அவளைத் தெய்வமென வணங்குகின்றனர்.

‘துவிதா’வின் பெண் அறிந்தே ஏற்றவள், இராணி அறியாமல் ஏற்றவள். அங்கே பெண்ணின் விருப்பம் கருதப்படவில்லை. இங்கே பெண்ணின் சொல்லே அவளைக் காக்கிறது. இந்நாடகத்தில் கதை என்பதே ஒரு பெண்ணுருவில் மேடைக்கு வருகிறது. கேட்பவன் முடிவை ஏற்க மறுத்து வினவுகிறான். அதனால் நாகத்தின் சாவோடு கதை முடிவதில்லை. மற்றொரு முடிவும் சொல்லப்படுகிறது.

படிக்கும் முறை

நாட்டுப்புறக் கதையையோ அதன் வழி எழுந்த புனைவையோ படிக்கும்போது நான்கு வினாக்கள் துணைசெய்யும். கதை யாருடைய பார்வையில் நகர்கிறது? யார் பேசாமல் இருக்கிறார்? முடிவால் நன்மை பெறுபவர் யார்? வேறொரு வடிவில் இம்முடிவு எவ்வாறு மாறியுள்ளது?

வீட்டு முதியோரிடம் ஒரு கதையைக் கேட்டு எழுதிக்கொண்டு, அதே கதையை வேறோர் ஊரினரிடம் கேட்டு ஒப்பிட்டால் இவ்வினாக்கள் தாமே எழும். அவ்வாறு கேட்கும் மாணவர், பேசாதிருந்த ஒருவரின் பக்கத்திலிருந்து அக்கதையைத் தாமே எழுதிப் பார்க்கலாம்.